மிச்சப் பணம் கடனுக்கா, சீட்டுக்கா, தங்கத்துக்கா? குன்னூரிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கடனின் கணக்கு அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். 2019 நவம்பரில் எடுத்த கடன். 20 லட்சம் ரூபாய், 20 ஆண்டு. மூன்றேகால் ஆண்டாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தோம். அறிக்கையில் கடைசித் தவணை 2042 என்று இருந்தது. கடன் வாங்கிய அன்று எத்தனை ஆண்டு பாக்கியோ, ஏறக்குறைய அத்தனை ஆண்டு அப்போதும் பாக்கி.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. எங்கள் தவணைத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதனால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட்டோம். தொகைக்குப் பதிலாகக் காலம் நீண்டிருந்தது. எங்கள் வங்கியில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. இப்படி வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்டே ஆக வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து செலவைக் குறைக்க ஆரம்பித்தோம். மாதம் 3,200 ரூபாய் தேறியது, அடுத்த ஆண்டு 3,800 ஆனது. மிச்சம் பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததை எங்கே போடுவது என்பது வேறு வேலை. இரண்டாவதில்தான் எங்கள் வீட்டில் வாக்குவாதம் அதிகம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணக்குக்கு எல்லாருக்கும் பொதுவாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 17,356 ரூபாய். முழுக் காலமும் கட்டினால் வட்டி மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது வெறும் 3,190. அந்த மாதம் கூடுதலாக ஒரு 3,000 கட்டினால் அது முழுவதும் அசலில் கழியும். ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாத அசலைக் கட்டிய மாதிரி. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு 3,000 ரூபாய் சின்னத் தொகை என்ற எண்ணம் போனது.

கடனா, சீட்டா, தங்கமா, தபால் நிலையமா

என் மாமியார் சீட்டுக் கட்சி. "மாசா மாசம் கட்டினா ஒரு நாள் மொத்தமா கைக்கு வரும், அதைக் கொண்டுபோய்க் கட்டிடலாம்மா" என்பார் அத்தை. சீட்டில் ஒரு பெரிய நல்லது உண்டு: கட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற சீட்டிலேயே நடத்துபவர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கடைசிவரை ஏலம் எடுக்காமல் காத்திருந்தால்தான், மற்றவர்கள் ஏலத்தில் விட்டுக்கொடுத்த கழிவுத் தொகையால் கொஞ்சம் லாபம் நிற்கும். 8.5 சதவீதக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாக வருமானம் தரும் ஒன்றில் பணத்தைப் பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. பதிவில்லாத சீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தங்கத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. கடந்த சில ஆண்டுகளில் அது ஏறிய வேகம் எந்த வீட்டுக் கடன் வட்டியையும் தாண்டியது. 2023-ல் கடனில் போட்டதை நகையாக வாங்கியிருந்தால் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் நம் வீடுகளில் தங்கம் என்றால் நகை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்கும் அன்றே போய்விடும். விற்கப் போகும்போது மனசு வராது, அடகு வைக்கத்தான் போவோம். அதற்கு இன்னொரு வட்டி. ஏறும் என்ற நம்பிக்கையையும் அடைத்துவிட்டோம் என்ற உறுதியையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

தபால் நிலையம் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது, அதுவும் 15 ஆண்டுத் திட்டம். கடன் வட்டி அதைவிட அதிகமாக இருக்கும்வரை கடனைக் கட்டுவதே லாபம். செல்வமகள் சேமிப்புத் திட்டம் மட்டும் விதிவிலக்கு. 8.2 சதவீதம், வரியும் கிடையாது. என் மகள் பெயரில் மாதம் 500 ரூபாய் அதில் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. கடன் வட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறிது, அவள் படிப்புக்கான பணத்தில் கை வைக்காமல் இருப்பது பெரிது.

இன்னொன்று, கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். கார்டு வட்டி ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் போகும். வீட்டுக் கடன் நம்மிடம் இருக்கும் கடன்களிலேயே சாதுவானது.

வரிச் சலுகை போய்விடுமே என்று அலுவலகத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு, உண்மைதான். புதிய முறையில் அது இல்லை. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கு இந்தக் கேள்வி அதோடு முடிந்துவிட்டது.

தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா

முதல்முறை ஒரு லட்சம் கட்டப் போனபோது நடந்தது இது. வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் கிடைத்த போனஸும் கொஞ்சம் சேமிப்பும் சேர்ந்த பணம். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருப்பதால் அந்தப் பயம் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து, "இ.எம்.ஐ. குறையணுமா சார், டென்யூர் குறையணுமா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "இ.எம்.ஐ. குறைஞ்சா நல்லதுதானேம்மா" என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து, "காலம் குறையட்டும்மா" என்றேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, படிவத்தில் டிக் அடிக்க வேண்டிய இடத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த ஒரு டிக்கின் விலை இது. எடுத்துக்காட்டுக் கடனில் முதலாண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டுகிறோம். தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 885 ரூபாய் குறையும், கடன் அதே காலம் ஓடும், மொத்த வட்டியில் மிச்சம் ஏறத்தாழ 1 லட்சத்து 2 ஆயிரம். காலத்தைக் குறைக்கச் சொன்னால் தவணை அப்படியே இருக்கும், கடன் 26 மாதம் முன்னால் முடியும், மிச்சம் 3 லட்சத்து 56 ஆயிரம். பணம் ஒன்றுதான், கட்டிய நாளும் ஒன்றுதான்.

தவணையைக் குறைப்பவர் ஏமாந்தவர் என்று சொல்ல மாட்டேன். கையில் தங்கும் 885-ஐ மாதாமாதம் திருப்பிக் கடனிலேயே போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேலை நிலையாக இல்லாதவருக்குக் குறைந்த தவணை ஒரு பாதுகாப்பும்கூட. ஆனால் அந்த 885 எங்கள் வீட்டில் தங்காது என்று எனக்குத் தெரியும். பால் கணக்கிலோ ரீசார்ஜிலோ கலந்துவிடும்.

எப்போது கட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். அதே ஒரு லட்சத்தைப் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 1 லட்சத்து 23 ஆயிரம்தான். குழந்தைகள் வளரட்டும், சம்பளம் ஏறட்டும், அப்புறம் மொத்தமாகக் கட்டலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்க வேண்டும்.

மாதாமாதமா, ஆண்டுக்கு ஒருமுறையா

இதில் பலர் வீணாகக் குழம்புகிறார்கள். மாதம் 3,000 கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் 14 ஆண்டு ஒரு மாதத்தில் முடிகிறது, வட்டியில் 7 லட்சத்து 32 ஆயிரம் மிச்சம். அதே 36,000-ஐ ஆண்டு முடிவில் ஒருமுறை கட்டினால் இரண்டு மாதம் தள்ளி முடியும், மிச்சம் சுமார் 37,500 குறையும். 14 ஆண்டில் 37,500 பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கை மட்டும் பார்த்தால் எப்படிக் கட்டினாலும் சரி.

ஆனால் எங்கள் அனுபவம் வேறு. முதலாண்டு மிச்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தோம், ஆண்டு முடிவில் கட்டலாம் என்று. ஏப்ரல், மே இங்கே சீசன். சமவெளியில் இருக்கும் சொந்தங்கள் எல்லாரும் குளிருக்கு வருவார்கள், வர வேண்டியவர்கள்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம். ஜூலையில் பார்த்தால் 22,000 போயிருந்தது, எதற்குப் போனது என்று தனித்தனியாகச் சொல்லவும் முடியவில்லை. அதன் பிறகு சம்பளம் வந்த மறுநாளே கடன் கணக்குக்குப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிட்டோம். சில வங்கிகள் ஒரு தவணைக்குக் குறைந்த தொகையைக் கூடுதலாகக் கட்டினால் வாங்காது. அப்படியானால் ஆறு மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டு, முதிர்ந்ததும் கட்டலாம். ஆர்.டி. பணத்தில் கை வைக்க நமக்கே கொஞ்சம் தயக்கம் இருக்கும், அது போதும்.

கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு இது பொருந்தவில்லை. அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மழை பிடித்து வெயில் அடித்தால் இலை குவியும். ஜனவரியில் பனி கருக்கிவிட்டால் பறிக்க ஒன்றும் இருக்காது, விலையும் நம் கையில் இல்லை. "அண்ணி, இலை வந்த மாசம் கட்டுறேன், வராத மாசம் என்னைக் கேக்காதீங்க" என்றாள். அவளுக்கு ஆண்டுக்கு இரண்டுமுறை மொத்தமாகக் கட்டுவதே சரி. வரவு எப்படியோ கட்டுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எதைக் குறைப்பது

மலையில் வீட்டுச் செலவு என்றால் முதலில் வெந்நீர். சமவெளிக்காரர்களுக்கு இது புரிவது கஷ்டம். டிசம்பரில் எங்கள் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி அளவுக்கு இறங்கும். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் கால் யூனிட் போதும். ஐந்து பேர் குளித்தால் நாளுக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாத பில்லில் 150 யூனிட்.

கீசருக்குப் பதில் விறகு பாய்லர் என்று ஒரு குளிர்காலம் முயன்றோம். கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை இங்கே மலிவாகக் கிடைக்கும், நன்றாக நின்று எரியும். ஆனால் மழையில் ஊறிய கட்டை எரியாது, புகையும். விடியற்காலை ஐந்து மணிக்கு அத்தைதான் எழுந்து பற்ற வைப்பார். நான் எழுந்து வரும்போது பின்கட்டு முழுவதும் புகை நிற்கும், அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுகுழலை ஊதிக்கொண்டிருப்பார். மாதம் 700 ரூபாய் மிச்சமானது. ஜனவரி நடுவில் அவருக்கு இருமல் பிடித்து மார்ச் வரை விடவில்லை. மருந்துச் செலவைக் கணக்கில் சேர்த்து நான் இதைச் சொல்லவில்லை, செலவே ஆகாமல் இருந்திருந்தாலும் அது தப்புதான். பாய்லரை நிறுத்திவிட்டோம்.

சூரிய வெந்நீர்க் கருவி போட்டவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். வெயில் அடிக்கும் ஜனவரி, பிப்ரவரிப் பகல்களில் நன்றாகவே சுடும். ஜூன் முதல் மஞ்சு மூடிய நாட்களில் அதை நம்ப முடியாது, கீசரும் வேண்டியிருக்கும். கடன் இருக்கும்போது அந்த முதலீட்டை நான் செய்ய மாட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறு ஒன்று. நாள் முழுக்க ஆனிலேயே கிடந்த கீசரைக் காலையில் மட்டும் போட்டு, எல்லாரும் அடுத்தடுத்துக் குளிப்பது. ஹாலில் எரிந்த ரூம் ஹீட்டரை எடுத்துவிட்டு, அத்தை அறையில் மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் குறி. தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும், அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் நட்டம். 560-லிருந்து 430-க்கு இறங்கியபோது குளிர்கால பில் ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் மாதம் 350.

மளிகையில் மூன்று வழி இருந்தது: தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குவது, சூப்பர் மார்க்கெட், மேட்டுப்பாளையம் இறங்கி மொத்தமாக வாங்குவது. கீழே விலை குறைவுதான். ஆனால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கி, மூட்டையோடு ஏறி வர ஒரு நாள் போகும். வீட்டுக்காரர் வேறு வேலையாகப் போகும்போது மட்டும் அரிசியும் எண்ணெயும் வாங்குகிறார். மீதியை அதே தெருமுனைக் கடையில் ரொக்கத்துக்கு வாங்குகிறேன். நோட்டை நிறுத்தியதுதான் உண்மையான மிச்சம். கையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது பிஸ்கட் பாக்கெட் தானாகக் குறைகிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் முன்பு விட்டுவிடுவோம், இப்போது விடுவதில்லை. எல்லாம் சேர்த்து மாதம் 1,100. காய்க்கு உழவர் சந்தை. இந்த மலையில் விளைந்த கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறி வந்து கடையில் விற்பதை வாங்குவானேன்?

வாரக் கடைசி ஓட்டல் சாப்பாட்டை மாதம் ஒன்றாக்கியதில் 1,300, கேபிளும் ரீசார்ஜும் குறைத்ததில் 450. 2024-ல் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை நீலகிரிக்கும் நீட்டித்தார்கள், என் வேலைக்குப் போகவர ஆன 600 ரூபாய் அப்படியே நின்றது. இது எந்தச் சிரமமும் இல்லாமல் வந்த மிச்சம். அந்த மாதமே நிலையான உத்தரவில் 600-ஐக் கூட்டிவிட்டேன். தள்ளிப்போட்டிருந்தால் அது கண்ணில் படாமலே கரைந்திருக்கும்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒருமுறை முடிவெடுத்தால் தானே நடக்கும் மிச்சங்கள் மூன்று ஆண்டாக நிற்கின்றன. தினமும் ஒருவர் உடம்பை வருத்திச் செய்ய வேண்டியவை ஒரு குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

எல்லாவற்றையும் கடனிலேயே போடலாமா

கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிவு, அதைத் தாங்கி ஒரு தடுப்புச் சுவர். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடனில் கட்டிய பணத்தை, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று வங்கியில் கேட்க முடியாது. அதனால் 60,000 ரூபாயை வைப்புநிதியில் போட்ட பிறகுதான் கடன் பக்கம் போனோம். வட்டி ஒன்றிரண்டு சதவீதம் குறைவு, தெரிந்தேதான் போட்டோம். போன வடகிழக்குப் பருவமழையில் சுவரின் நீர்க்கசிவுத் துளைகள் அடைத்துக்கொண்டபோது, ஆள் வைத்துச் சரி செய்ய அதிலிருந்துதான் 14,000 எடுத்தோம். எடுத்ததை நிரப்பும்வரை கூடுதல் தவணையை நான்கு மாதம் நிறுத்தி வைத்தோம்.

சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் உண்டு. உபரிப் பணத்தை அதில் போட்டால் வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வியாபாரம் செய்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. எடுக்க முடியும் என்றால் எடுத்துவிடுகிற வீடுகளுக்கு ஆகாது. பொதுவாக வட்டியும் கொஞ்சம் கூடுதல்.

2025-ல் ரெப்போ இறங்கியபோது எங்கள் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது அறிக்கையில் கடைசித் தவணை 2034 என்று இருக்கிறது.

கடனை முடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் நிறுத்திவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரத்தையும் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கடன் முடிந்தும் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன.